வண்டிக்கு விலங்கு, வஞ்சகனுக்கு?

(சரக்குப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இங்கிலாந்தின் தென்கிழக்குக் கோடியிலே டோவர் என்றொரு துறைமுகம். வெள்ளைப் பாறைகள் மதில்போல் எழுந்து நின்று கடலைக் காவல் காக்கும் இடம். எதிர்க்கரையிலே பிரெஞ்சு நாட்டுக் காலே. இடையே கிடக்கும் கடல், மிகக் குறுகிய இடத்தில் 21 மைல். அந்த 21 மைலைக் கப்பலேறிக் கடந்து, கப்பலின் வாய் திறந்ததும் உறுமிக்கொண்டு வரிசை வரிசையாய் வெளியேறுகின்றனவே லாரிகள் - போலந்து லாரி, ருமேனியா லாரி, லிதுவேனியா லாரி - அந்த லாரிகளைப் பற்றியும், அவற்றை வழிமறித்து, "நில்! இறங்கு! இனி இந்த வண்டி நகராது!" என்று சிறைபிடிக்கும் சட்டத்தைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன்.

இங்கே வரும் வழியில் நண்பர் ஒருவர் கேட்டார்: "பேசுவதற்கு வேறு பொருளா கிடைக்கவில்லை? டோவரிலே லாரி பிடிபட்டால் நமக்கென்ன?" என்று. நியாயமான கேள்விதான். ஆனால் தோழர்களே, வண்டியை ஓட்டுகிறவன் எந்த நாட்டான் ஆனாலும் அவனுக்கு மேலே முதலாளி ஒருவர் உண்டு. அந்த முதலாளிக்கும் மேலே அரசு உண்டு. அரசு ஓங்கிய கை கடைசியில் யார் முதுகில் விழுகிறது என்ற கேள்வி எல்லா நாட்டுக்கும் உண்டு. அதை நிறுத்துப் பார்க்க, சட்டம் பழுத்த நாடு என்று பெயரெடுத்த இங்கிலாந்தைவிட நல்ல தராசு எனக்குக் கிடைக்கவில்லை.

நான் சட்டக் கல்லூரியின் வாயிலை மிதித்தவனல்லன். மிதித்த கல்லூரியையும் பாதியிலே விட்டு வந்தவன். ஆகவே சட்டத்தின் பிரிவு எண்களை அடுக்கி உங்களைத் திணறடிக்க மாட்டேன். அஞ்ச வேண்டாம்!

பிரிட்டனிலே, மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட மொத்த எடையுள்ள சரக்கு வண்டியை வாணிபத்துக்காகச் சாலையிலே விடவேண்டுமானால், ஓட்டுநரிடம் லைசென்சு இருந்தால் மட்டும் போதாது. வண்டியை நடத்தும் முதலாளிக்கும் தனியே ஓர் உரிமம் இருக்கவேண்டும். இது நேற்றுப் பிறந்த ஏற்பாடல்ல. 1933-ல் வந்த சட்டம் கால்கோள் இட்டது. பார்பரா காஸில் என்ற அம்மையார் போக்குவரத்து அமைச்சராக இருந்து உருவாக்கிய மசோதாவிலிருந்து பிறந்த 1968 சட்டம் அதன் போக்கையே மாற்றியது. "இந்தச் சாலையில் இன்னொரு வண்டிக்குத் தேவை உண்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், அதற்குப்பின், "வண்டி நடத்த நீ தகுதியுடையவனா?" என்று கேட்கத் தொடங்கினர். பணம் இருக்கிறதா, பழுது பார்க்க வழி இருக்கிறதா, வண்டியை நிறுத்த இடம் இருக்கிறதா, இதற்குமுன் நீ நடந்துகொண்ட விதம் எப்படி - இவைதான் கேள்விகள். இப்போது நடைமுறையில் இருப்பது 1995 சட்டம், கேள்விகள் அவையே.

நல்ல ஏற்பாடு. பிரேக் பிடிக்காத லாரி பள்ளிக்கூட வாசலில் ஓடக்கூடாது என்றால் இத்தகைய கேள்விகள் வேண்டும்தான்.

உரிமம் வாங்காமலே வண்டி விட்டால்? வழக்கு. வழக்கு முடிந்தால்? அபராதம். அபராதம் விதித்தால்? அங்கேதான் முதலாளி சிரித்தார்! டீசல் செலவு, டயர் செலவு, அபராதச் செலவு என்று கணக்குப் புத்தகத்தில் மூன்றாவது வரியாக எழுதிக்கொண்டார். கம்பெனிக்கு ஒரு பெயரைக் கழற்றி இன்னொரு பெயரை மாட்டினார். பெயர் மாறிற்று, வண்டி மாறவில்லை. முறைப்படி உரிமம் பெற்று, முறைப்படி கூலி கொடுத்து, முறைப்படி பழுது பார்த்தவரோ வாடகைப் போட்டியிலே தோற்று, கடனிலே மூழ்கினார். நேர்மை நட்டத்திலே ஓட, நேர்மைக்கேடு லாபத்திலே ஓடிற்று!

இதற்கு மருந்தாகத்தான் 2000-ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்திலே புதிய அதிகாரம் புகுத்தப்பட்டது. 2001-ல் விதிகள் எழுதப்பட்டன. 2002 ஜனவரியிலே அவை செயலுக்கு வந்தன. உரிமம் இல்லாத வண்டியா? அபராதச் சீட்டுக் கொடுத்து அனுப்பாதே. வண்டியையே பிடித்து வை! உரிமையாளர் வந்து நியாயம் காட்டாவிட்டால் விற்றுவிடு. விலை போகாவிட்டால் உடைத்துப்போடு! கடுமையான மருந்துதான். ஆனால் கள்ள வாணிபம் என்ற நோய்க்குக் கஷாயம் போதவில்லை என்றால் கத்தி எடுப்பது குற்றமாகாது.

அயல்நாட்டு லாரிக்கும் இந்தச் சட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். போலந்திலே உரிமம் பெற்ற முதலாளியின் வண்டி, சரக்கேற்றி இங்கிலாந்து வந்து மான்செஸ்டரிலே இறக்குகிறது. அதற்கு பிரிட்டிஷ் உரிமம் வேண்டியதில்லை, விலக்கு உண்டு. இறக்கியாயிற்று. வெறும் வண்டியோடு திரும்புவானேன்? மான்செஸ்டரிலே ஒரு சரக்கை ஏற்றி லண்டனிலே இறக்கினால் வாடகை கிடைக்குமே! அயல்நாட்டு வண்டி உள்நாட்டிலேயே ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்கும் இந்த வேலைக்குக் 'கபோட்டாஜ்' என்று பெயர். இது கடல் தந்த சொல். ஒரே நாட்டின் துறைமுகங்களுக்கிடையே கரையோரமாகக் கப்பல் ஓட்டும் வாணிபத்துக்கு இட்ட பெயர்; பிறகு கரையேறி லாரியில் தொற்றிக்கொண்டது. இந்தச் சொல்லை நினைவிலே வையுங்கள். பின்னால் இதனிடம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது.

ஐரோப்பியச் சமூகத்திலே 1998 முதல் கபோட்டாஜ் திறந்துவிடப்பட்டது. ஒரே ஒரு நிபந்தனை: 'தற்காலிகமாக' இருக்கவேண்டும். தற்காலிகம் என்றால் எத்தனை நாள்? ஒரு வாரமா, ஒரு மாதமா, ஓராண்டா? மண்ணில் மனிதன் வாழ்வதே தற்காலிகந்தானே என்று முதலாளியின் வழக்கறிஞர் வாதாடக்கூடும்! அந்த ஒரு சொல்லுக்குள்ளே எத்தனையோ லாரிகள் புகுந்து ஓடின. ஆகவே 2009-ல் புதிய விதி எழுதி, 2010 மே மாதம் முதல் கணக்குச் சொன்னார்கள்: அயல்நாட்டுச் சரக்கை இறக்கிய பின், ஏழு நாளுக்குள் மூன்று நடை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு, 2021 முதல், ஏழு நாளுக்குள் இரண்டு நடை. அதற்கு மேல் ஒரு நடை அடித்தாலும் விலக்கு என்ற குடை மடங்கிவிடும். குடை மடங்கினால் அது உரிமமில்லாத வண்டி. உரிமமில்லாத வண்டி என்றால் - பிடி!

நாடகம் எழுதிப் பழகியவன் நான். காட்சியாக்கிப் பார்த்தால்தான் எனக்கே விளங்குகிறது. ஒரு கற்பனைக் காட்சி. இரவு. நெடுஞ்சாலை ஓரத்துச் சோதனை நிலையம். மழை தூறுகிறது. மேடையிலே இருவர்: அதிகாரி, ஓட்டுநர்.

"வண்டி யாருடையது?"

"கம்பெனியுடையது ஐயா."

"கம்பெனி எங்கே இருக்கிறது?"

"பதிவு ஒரு நாட்டிலே. சம்பளம் தருவது இன்னொரு நாட்டிலே. உத்தரவு போடும் குரல் மட்டும் தொலைபேசியிலே."

"இந்த வாரம் இங்கே எத்தனை நடை?"

ஓட்டுநர் கைப்பேசியைப் பார்க்கிறார். போ என்றது கைப்பேசி; போனார். ஏற்று என்றது, ஏற்றினார். நடையை எண்ணச் சொல்லி அவருக்கு யாரும் உத்தரவிடவில்லை.

"இறங்கு. வண்டி இனி எங்கள் பாதுகாப்பில்."

அந்த வண்டிக்குள்ளேதான் தோழர்களே அவருடைய படுக்கை, அடுப்பு, மாற்றுடை, மகளின் புகைப்படம். வண்டியைப் பிடித்தால் அவருக்கு வீடே போயிற்று. ஒரு பையோடு மழையிலே இறங்கி நிற்கிறார். முதலாளியோ? அந்தப் பாத்திரம் இந்த நாடகம் முழுவதிலும் மேடைக்கு வருவதே இல்லை. திரைக்குப் பின்னிருந்து குரல் கொடுப்பதோடு சரி.

பிடித்த பிறகு நடப்பதைப் பார்ப்போம். இங்கிலாந்திலே பிடித்தால் 'லண்டன் கெஜட்' இதழிலே அறிவிப்பு வரும். குறைந்தது 21 நாள் தவணை. அதற்குள் உரிமையாளர், டிராஃபிக் கமிஷனர் என்ற அலுவலரிடம் மனுச் செய்யலாம். அவர் லாரியைப் பிடித்த இலாகாவின் ஆள் அல்லர். தனித்து நின்று தீர்ப்பளிப்பவர். விசாரணை வைத்தால் 28 நாளுக்குள் வைக்கவேண்டும். விசாரணை முடிந்து 14 நாளுக்குள் முடிவைச் சொல்லவேண்டும். முடிவு பிடிக்காவிட்டால் மேல் தீர்ப்பாயம் உண்டு.

வண்டியைத் திரும்பப் பெறக் காரணங்கள் நான்கு: உரிமம் இருந்தது, அல்லது சட்டம் மீறப்படவில்லை, அல்லது மீறப்பட்டது உரிமையாளருக்குத் தெரியாது, அல்லது தெரிந்ததும் தடுக்க முயன்றார், இனியும் நடக்காதிருக்க வழி செய்தார். இவற்றுள் ஒன்றை மெய்ப்பிக்கும் பொறுப்பு உரிமையாளருடையது.

'தெரியாது' என்ற மூன்றாவது காரணத்தை நாடாத முதலாளி உண்டோ? ஆனால் அந்த நாட்டுத் தீர்ப்பாயத்தார் ஏமாந்தவர்கள் அல்லர். கண்ணைத் திறந்திருந்தால் தெரிந்திருக்கும், வேண்டுமென்றே இறுக மூடிக்கொண்டீர் என்றால், அது அறியாமையல்ல, அறிந்தமையே என்று கொள்கிறார்கள். இந்தப் பகுதியைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது எனக்கு.

இந்தச் சட்டத்தைக் குறைசொல்ல நான் வரவில்லை. அறிவிப்பு உண்டு, தவணை உண்டு, தனித்து நிற்கும் நடுவர் உண்டு, மேல்முறையீடு உண்டு. அரசு ஒருவன் உடைமையில் கை வைக்குமுன் இவ்வளவும் வேண்டும் என்று கருதியது நாகரிகம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வண்டிக்காரர் வருவதற்கு ஒரு கதவு. உள்ளே இருக்கும் சரக்குக்கு உரியவர் வருவதற்கு இன்னொரு கதவு. ஓட்டுநருக்கு? தன் துணிமணியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், தன் கூலிப் பாக்கியைக் கேட்க அங்கே கதவு இல்லை, சன்னலும் இல்லை. வண்டியை விற்றால் முதலில் அரசின் செலவைக் கழித்துக்கொள்வார்கள். அந்த வண்டியை ஓட்டி ஓட்டி முதுகெலும்பு தேய்ந்தவன் பெயர் அந்தக் கணக்கிலே எந்த வரியிலும் இல்லை!

மீண்டும் வருகிறேன் இதற்கு. அதற்குமுன் ஒரு வேடிக்கை.

2021 இலையுதிர் காலம். பிரிட்டனிலே லாரி ஓட்ட ஆளில்லை. கொரோனா ஒரு பக்கம். ஐரோப்பாவை விட்டு விலகியது ஒரு பக்கம். தேர்வுகள் தடைப்பட்டது ஒரு பக்கம். செப்டம்பரிலே பெட்ரோல் நிலையங்கள் முன் கார்கள் தெருத் தெருவாக நின்றன. அக்டோபரிலே எண்ணெய் லாரியை ஓட்டப் பட்டாளத்தாரை அழைத்தனர். இரண்டு நடைக்கு மேல் மூன்றாவது நடை அடித்தால் வண்டியைப் பிடிப்போம் என்ற அரசு என்ன செய்தது தெரியுமா? 2021 அக்டோபர் 28 முதல் 2022 ஏப்ரல் 30 வரை, அயல்நாட்டு லாரிகளே, வந்து இறக்கிய பிறகு 14 நாளுக்கு எத்தனை நடை வேண்டுமானாலும் அடியுங்கள் என்று கதவைத் திறந்தது! உள்நாட்டு லாரிக்காரர் சங்கம் கூவிப் பார்த்தது, பலிக்கவில்லை. நேற்று மூன்றாவது நடை குற்றம். இன்று முப்பதாவது நடையும் சேவை! இடையிலே மாறியது கடையிலே இருந்த தட்டு மட்டுந்தான், அது காலியாகிவிட்டது.

அந்த ஆண்டுத் தொடக்கத்திலே இன்னொரு கூத்து. டோவர் இருக்கும் கென்ட் மாவட்டத்துக்குள் ஐரோப்பா செல்லும் லாரி நுழைய அனுமதிச் சீட்டு! இல்லையேல் 300 பவுண்டு அபராதம். சொந்த நாட்டுக்குள் ஒரு மாவட்டத்துக்குப் பாஸ்போர்ட்டு! சில திங்களில் கைவிட்டார்கள், நல்லது, விட்டுவிடுவோம். அதற்குச் சற்று முன்புதான், 2020 கிறிஸ்துமசு வாரத்திலே, கொரோனா அச்சத்தால் பிரான்சு எல்லையை மூட, ஆயிரக்கணக்கான ஓட்டுநர்கள் கென்டிலே, மான்ஸ்டன் என்ற பழைய விமானத் திடலிலும் சாலையிலும் முடங்கினர். அவர்களுக்குச் சூடான உணவு கொண்டுபோய்க் கொடுத்தவர்களிலே கிரேவ்செண்டு குருத்வாராவின் சீக்கியத் தொண்டர்களும் இருந்தனர். எந்தச் சட்டமும் அவர்களை அனுப்பவில்லை.

இனி, சட்டம் தடுமாறிய இடத்துக்கு வருகிறேன். அதே டோவர், அதே லாரி, வேறு குற்றம்.

லாரிக்குள் ஒளிந்து வருகிறார்களே, நாடிழந்து வீடிழந்து வரும் மக்கள் - அவர்களைத் தடுக்க 1999-ல் ஒரு சட்டம். 2000 ஏப்ரல் முதல் லாரிகள் மேல் அமல். ஒளிந்து வந்த ஒவ்வோர் ஆளுக்கும் 2,000 பவுண்டு தண்டம். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. பத்துப் பேர் ஒளிந்திருந்தால் 20,000 பவுண்டு! பொறுப்பாளி யார்? வண்டியின் உரிமையாளர், வாடகைக்கு எடுத்தவர், ஓட்டுநர் - மூவரும். "எனக்குத் தெரியாது" என்றால் மட்டும் போதாது. ஐயப்படக் காரணமில்லை என்றும், ஒளிவதைத் தடுக்கச் செம்மையான ஏற்பாடு வைத்திருந்தேன் என்றும், அன்றைக்கு அது ஒழுங்காக இயங்கிற்று என்றும் அவர்களே மெய்ப்பிக்கவேண்டும். யாரிடம்? நீதிபதியிடம் அல்ல, தண்டம் விதித்த அதே இலாகாவிடம்! தண்டம் கட்டமாட்டார் என்று அதிகாரி எண்ணினால் லாரியைப் பிடித்து வைக்கலாம். 84 நாளில் கட்டாவிட்டால் விற்கலாம்.

ஒளிந்து வருவது விளையாட்டல்ல. 2000 ஜூனிலே, டோவரிலே, தக்காளி ஏற்றிய லாரியின் உள்ளே 58 சீனர்கள் மூச்சுத் திணறி மாண்டு கிடந்தார்கள். காற்று வரும் துளை மூடப்பட்டிருந்தது. அந்த ஓட்டுநர் குற்றத்தில் பங்காளி; 14 ஆண்டுச் சிறை பெற்றான். 2019 அக்டோபரிலே எசெக்சிலே ஒரு லாரிப் பெட்டியில் வியட்நாமியர் 39 பேர். மனிதனைச் சரக்காக்கிக் கொன்றவர்களுக்காக நான் ஒரு சொல்லும் பரிந்து பேசமாட்டேன்.

ஆனால் காலேயின் இருட்டிலே ஓட்டுநர் உறங்கும்போது தார்ப்பாயைக் கிழித்து ஏறியவருக்காக, உறங்கியவர் தண்டம் கட்டவேண்டுமா? கொன்றவனுக்கும் கண்ணயர்ந்தவனுக்கும் ஒரே விலைப்பட்டியலா?

ஏறத்தாழ 50 பேர், லாரிக்காரரும் ஓட்டுநரும், வழக்கு மன்றம் ஏறினர். ரோத் என்ற ஜெர்மன் கம்பெனியின் பெயரால் அந்த வழக்கு வழங்குகிறது. 2002 பிப்ரவரி 22 அன்று மேல்முறையீட்டு மன்றத்தின் மூன்று நீதிபதிகளுள் இருவர், சைமன் பிரௌனும் ஜொனாதன் பார்க்கரும், இந்தத் திட்டம் மனித உரிமை உடன்பாட்டுக்கு ஒவ்வாதது என்று தீர்ப்பளித்தனர். குற்றத்தின் அளவு பாராமல் தண்டம். தண்டம் விதிக்குமுன் சார்பற்ற மன்றம் இல்லை. அதன் சுமையோ தாங்கமுடியாதது. மூன்றாமவர் லாஸ் மாறுபட்டார். எல்லையைக் காப்பது நாடாளுமன்றத்தின் கடமை, அங்கே நீதிபதி அளவோடு நடக்கவேண்டும் என்பது அவர் கருத்தின் உட்கிடை.

மாறுபட்ட நீதிபதியை எள்ளி நகையாட நான் தயாரில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இயற்றியதை மூன்று பேர் அழிப்பதா என்று கேட்கும் இயக்கத்தில் வளர்ந்தவன் நான். இங்கேதான் பிரிட்டிஷ் ஏற்பாட்டின் நுட்பம் இருக்கிறது. 1998 மனித உரிமைச் சட்டப்படி, நீதிபதி சட்டத்தை அழிப்பதில்லை. 'ஒவ்வாது' என்று அறிவிக்கிறார், அவ்வளவே. சட்டம் அப்படியே நிற்கும். திருத்துவது மக்கள் மன்றத்தின் கையில். நீதிமன்றம் சுட்டிக்காட்டிற்று, நாடாளுமன்றம் அந்த ஆண்டிலேயே திருத்திற்று. 2,000 என்பது கட்டாயத் தொகையாக இல்லாமல் உச்ச வரம்பாயிற்று. குற்றத்தின் அளவு பார்க்கப்பட்டது. நீதிமன்றத்தில் முறையிட வழி பிறந்தது.

இத்துடன் கதை முடிந்திருந்தால் மாலை போட்டிருப்பேன். 2023 பிப்ரவரியிலே அந்த வரம்பை ஆள் ஒன்றுக்கு 10,000 பவுண்டாக உயர்த்தினார்கள். அதுமட்டுமா? உள்ளே எவருமே இல்லாவிட்டாலும், வண்டியை முறைப்படிப் பூட்டிக் காக்கவில்லை என்றால் 6,000 வரை தண்டம்!

இப்போது அந்தப் பழைய சொல்லை அழைக்கிறேன். கபோட்டாஜே, வா இங்கே! நீ கடலிலிருந்து வந்தாய் அல்லவா? வரும்போது கடலின் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தாய். கடலின் கருணையை ஏன் அங்கேயே விட்டு வந்தாய்?

கடல் சட்டத்திலே, தோழர்களே, ஒரு பழம்பெரும் வழக்கம் உண்டு. மாலுமிக்குக் கூலிப் பாக்கி என்றால் அவன் முதலாளியைத் தேடி உலகமெல்லாம் அலையவேண்டியதில்லை. கப்பலையே பிடிக்கலாம்! கப்பல் எந்த நாட்டுக் கொடியைக் கட்டியிருந்தாலும் சரி, கைமாறி வேறொருவனுக்கு விற்கப்பட்டிருந்தாலும் சரி, மாலுமியின் கூலி அந்த மரத்தையும் இரும்பையும் பற்றிக்கொண்டு கூடவே போகும். மன்றம் கப்பலை ஏலத்தில் விற்றால், அடமானம் பிடித்த வங்கிக்கும் முன்பாக மாலுமி நிற்பான் வரிசையிலே! அது மட்டுமல்ல. 2006-ல் உருவான கடல் தொழிலாளர் உடன்பாட்டிலே செய்த திருத்தம் 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மாலுமியை நடுவழியில் கைவிட்டால் நான்கு மாதம் வரையிலான கூலிக்கும், ஊர் திரும்பும் செலவுக்கும் முன்கூட்டியே ஈடு கட்டியிருக்கவேண்டும் கப்பல்காரர்.

கடலிலே ஓடும் வண்டிக்கு இந்த நியாயம். தரையிலே ஓடும் கப்பலுக்கு? டோவரிலே பிடித்து வைத்த லாரி, அரசின் செலவுக்கு ஈடு. அவன் வியர்வைக்கு ஈடு இல்லை. நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்: வண்டியைப் பிடியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை, பிடித்த வண்டியின்மேல் முதல் உரிமையை ஓட்டுநரின் கூலிப் பாக்கிக்குக் கொடுங்கள்.

ஒரு தோழர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். படிக்கிறேன்: "அயல்நாட்டு ஓட்டுநர் குறைந்த கூலிக்கு வந்து அந்நாட்டுத் தொழிலாளியின் பிழைப்பைக் கெடுக்கிறார். அவருக்காக ஏன் கசிந்துருகவேண்டும்?"

நல்ல கேள்வி, நேர்மையான கேள்வி. அந்நாட்டுத் தொழிலாளியின் குறை பொய்யல்ல. ஆனால் குறைந்த கூலிக்கு வந்தது யாருடைய ஆசை? ஓட்டுநர் தம் கூலியைத் தாமே குறைத்துக்கொண்டாரா? குறைந்த கூலியால் மிஞ்சிய பணம் அவர் சட்டைப் பையிலா கிடக்கிறது? அயலான் கூலி முழுமையாகக் கைக்கு வருமானால், அயலானைக் கொண்டுவந்து உள்ளூரானை விரட்டுவதில் முதலாளிக்கு என்ன லாபம்? ஓட்டுநரின் பாக்கிக்காக லாரி ஏலம் போகும் என்ற அச்சம் ஒருமுறை பிறக்கட்டும். மூன்றாவது நடையை அடிக்கச் சொல்லும் அந்தத் தொலைபேசிக் குரல் தானே தணியும். சோதனை அதிகாரி ஆயிரம் பேரை நிறுத்தவேண்டியதில்லை.

இது கற்பனை என்று எண்ணவேண்டாம். சட்டம் கொடுக்காததை ஓட்டுநர்கள் தாமே எடுத்துக்கொண்ட இடம் ஒன்று உண்டு. ஜெர்மனியிலே, ஹெசன் மாநிலத்திலே, டார்ம்ஸ்டாட் நகருக்கு அருகே, கிரேஃபன்ஹௌசன் என்ற நெடுஞ்சாலை ஓய்விடம். 2023 மார்ச் இறுதியில் அறுபதுக்கும் மேற்பட்ட ஓட்டுநர்கள் அங்கே லாரிகளை நிறுத்தினர். பெரும்பாலோர் ஜார்ஜியாவிலிருந்தும் உஸ்பெகிஸ்தானிலிருந்தும் வந்தவர்கள். வேலை கொடுத்ததோ போலந்துக் கம்பெனி. நின்றதோ ஜெர்மன் மண். ஒருவர் மொழி ஒருவருக்குச் சரியாகத் தெரியாது. கூலி வரவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. "கூலி வரும்வரை லாரி நகராது" என்றனர். அரசு பிடித்து வைக்கும் லாரியை இங்கே தொழிலாளி பிடித்து வைத்தான்!

ஏப்ரல் 7, புனித வெள்ளி. முதலாளி, இந்த நாடகத்திலே மேடைக்கு வராதவர் என்றேனே அவர், வந்துவிட்டார்! கூலி கொண்டு வரவில்லை. தனியார் காவல் படையோடு, கவச வண்டியோடு வந்தார், லாரிகளைப் பிடுங்கிக்கொண்டு போக. ஜெர்மன் போலீசார் குறுக்கே நின்றனர். பிடிபட்டது லாரி அல்ல, வந்த படை! ஏப்ரல் இறுதியிலே ஏறத்தாழ 3 லட்சம் யூரோ பாக்கி கொடுக்கப்பட்டது. அதன்பிறகுதான் லாரிகள் கிளம்பின.

பாடம் கற்றாரா முதலாளி? அதே ஆண்டு ஜூலையிலே அதே இடத்தில் மீண்டும் வேலை நிறுத்தம். இம்முறை ஏறத்தாழ 120 ஓட்டுநர்கள். செப்டம்பரிலே சிலர் உண்ணாநோன்பே மேற்கொண்டனர். 2023 ஜனவரி முதல் ஜெர்மனியிலே ஒரு சட்டம்: பெருங்கம்பெனிகள், தங்கள் சரக்கைச் சுமந்து செல்லும் சங்கிலியின் கடைசிக் கண்ணியிலே இருக்கும் தொழிலாளியின் நிலையையும் கவனிக்கவேண்டும். ஆகவே லாரிக்குள் சரக்கு வைத்திருந்த பெரிய இடங்களிலே கலக்கம் பிறந்தது. "எங்கள் சரக்கு எங்கே?" என்று கேட்டவர்களிடம் ஓட்டுநர்கள் திருப்பிக் கேட்டனர்: "எங்கள் கூலி எங்கே?" இலையுதிர் காலத் தொடக்கத்திலே வழக்குத் தீர்ந்தது.

சமையலுக்குக் கொண்டுவந்த சின்ன அடுப்பிலே, லாரிகளின் நிழலிலே, பல வாரங்கள் அவர்கள் உலை வைத்து உண்டார்கள். அக்கம்பக்கத்து ஜெர்மானியர் ரொட்டியும் காய்கறியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். வீட்டிலே குழந்தை கேட்டதாம், அப்பா எப்போது வருவார் என்று - இப்படி ஒரு வரியை நாடகக்காரன் நான் சேர்த்துக்கொள்ளலாம், சேர்க்கவில்லை, தேவையில்லை. மணி பத்தாகிறது, அடுத்துப் பேச வேண்டிய தோழர்கள் காத்திருக்கிறார்கள்.